கடனுக்குப் போன அரண்மனை

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி இறக்கும்போது அவர் வசம் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாளிகைகள் இருந்தன. அப்படியும் ஆசை அடங்காமல் கட்டத் தொடங்கி, முழுதாக முடிவதைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்த ஒன்று உண்டு. 'இதற்கு ஈடில்லை' என்ற பொருளில் அதற்கு நான்சச் என்று பெயர் வைத்தார்கள்.

1538 ஏப்ரலில் வேலை தொடங்கியது. லண்டனுக்குத் தெற்கே, சர்ரேயில், கடிங்டன் என்றொரு கிராமம். வேட்டைக்குத் தோதான இடம் என்று ராஜாவின் கண் பட்டது, ஊர் காலி. தேவாலயத்தை இடித்து, அது நின்ற இடத்திலேயே உள்முற்றத்தை அமைத்தார்கள். பண்ணைக்கு உரியவருக்கு சஃபோக்கில் மாற்று நிலம் கிடைத்தது. கல்லறையில் கிடந்தவர்களை யார் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் தலைமேல் தளம் போட்டாயிற்று. அருகே மெர்டனில் அப்போதுதான் மூடப்பட்ட மடத்தின் கற்கள் வண்டி வண்டியாக அஸ்திவாரத்துக்கு வந்து விழுந்தன.

இவ்வளவு பாவத்தின் மேல் எழுந்தது அழகாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உள்முற்றச் சுவர் முழுக்க வெள்ளைச் சுதைச் சிற்பங்கள்: ரோமானியப் பேரரசர்கள், தேவர்கள், ஹெர்குலிஸின் சாகசங்கள். மேற்பார்த்தவர் இத்தாலியின் மோடெனாவைச் சேர்ந்த நிக்கோலஸ் பெல்லின். சிற்பங்களுக்கு நடுவே தெரியும் மரச்சட்டங்களை வெறுமனே விடாமல், செதுக்கிய கரும்பலகைக் கல்லால் மூடி, அதற்கும் பொன்பூச்சு.

ஹென்றியின் மகள், ராணி மேரி, இந்த அரண்மனையை 1556இல் ஆரண்டல் பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார். 1592இல் மேரியின் தங்கை, ராணி எலிசபெத், அதைத் திரும்பப் பெற்றார். அவருக்கு மிகப் பிடித்த வீடு. 1599 செப்டம்பரில் ஒரு காலை, அயர்லாந்துப் போரை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடிவந்த எஸ்ஸெக்ஸ் பிரபு, உடம்பெல்லாம் சேற்றோடு ராணியின் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். ராணி அப்போதுதான் எழுந்திருந்தார். தலைமுடி முகத்தில் கிடந்தது. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தவருக்கு 1601இல் தலை போயிற்று. காரணம் கலகம்தான், ஆனால் சரிவு நான்சச்சில் தொடங்கியது.

1666 ஜனவரியில் நாட்குறிப்பாளர் ஜான் எவலின் இங்கே வந்தார். நூறாண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற சுதை எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று வியந்து, இவற்றைக் கழற்றி ஈரம்படாத இடத்தில் வைக்கக் கூடாதா என்று நாட்குறிப்பில் எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1670இல் இரண்டாம் சார்லஸ் தன் ஆசைநாயகி பார்பரா வில்லியர்ஸுக்கு அரண்மனையைக் கொடுத்தார். சீமாட்டிக்குச் சூதாட்டக் கடன். 1682 முதல் இடித்து, பொருளைப் பொருளாக விற்றார். தீயுமில்லை, போருமில்லை, கடன்காரர்களுக்காக ஒரு அரண்மனை கரைந்தது.

எனக்கென்னவோ அந்தச் சீமாட்டியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. ஒரு ஊரையே விழுங்கியவர் ராஜா. அவள் விற்றது தனக்குக் கொடுக்கப்பட்டதைத்தான். என் வருத்தம் அந்தச் சுதைச் சிற்பங்களுக்கு மட்டும்.

1959இல் தொல்லியலாளர் மார்ட்டின் பிடில் தலைமையில் அந்த இடத்தை அகழ்ந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர். அரண்மனைச் சுவர்களின் அடியே கடிங்டன் தேவாலயத்தின் அடித்தளமும் வெளிப்பட்டது. பிறகு எல்லாவற்றையும் மண்போட்டு மூடிவிட்டார்கள்.

லண்டன் போகிறவர்கள் சீம் பக்கம் உள்ள நான்சச் பூங்காவுக்கும் ஒரு நடை போய்வரலாம். அங்கே கம்பீரமாக நிற்கும் மாளிகையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது பிற்காலக் கட்டடம். ஹென்றியின் அரண்மனை இருந்த இடத்தைக் காட்டுவது புல்வெளியில் நிற்கும் சில குட்டைக் கல்தூண்கள்தான்.