கைப்பிடிச் சுவரும் நம் கையொப்பமும்

வீடு கட்டத் தொடங்கும்போது அடிக்கல்லை மந்திரிக்கப் பங்குத்தந்தையை அழைக்கிறோம். நிலைவாசல் வைக்கும் நாளில் குடும்பமாகச் செபிக்கிறோம். வீடு முடிந்ததும் உற்றார் உறவினரைக் கூட்டி விருந்து வைக்கிறோம். இவையெல்லாம் நல்ல வழக்கங்களே. ஆனால் கட்டட வரைபட அனுமதி என்ற பேச்சு வந்ததும் நம் முகம் மாறிவிடுகிறது. "அதெல்லாம் ஆளைப் பிடித்து முடித்துக்கொள்ளலாம்" என்கிறோம். "நம்முடைய இடத்தில் நாம் கட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?" என்றும் சொல்கிறோம். செபத்தில் தொடங்கிய வேலை பொய்யில் வளர்வதை நாம் கவனிப்பதில்லை.

இதைப்பற்றிச் சிந்திக்க இப்போது ஒரு தனிக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று தமிழக அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளத்துடன் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுவோர், விதிகளுக்கு உட்பட்டே கட்டுகிறோம் என்று தாங்களே சான்றளித்து, ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக உடனடியாக அனுமதி பெறலாம். அலுவலகத்திற்கு அலைய வேண்டியதில்லை. இடைத்தரகருக்கும் வேலையில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்பு அதிகாரியின் கண் பார்க்க வேண்டியிருந்த இடத்தில் இன்று நம்முடைய மனச்சான்று நிற்கிறது. அரசு நம் சொல்லை நம்புகிறது. நீங்கள் சொல்வது ஆம் என்றால் ஆம் எனவும், இல்லை என்றால் இல்லை எனவும் இருக்கட்டும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தது (மத்தேயு 5:37) இந்தக் கையொப்பத்திற்கும் பொருந்தும் அல்லவா?

கட்டட விதிகள் இன்றைய அரசுகள் கண்டுபிடித்த தொல்லை அல்ல. புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் (22:8) கட்டளையிடுகிறது. யாராவது தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே அதற்கு அது தரும் காரணம். வீடு கட்டுபவருடையது. ஆனால் அதில் ஏறி இறங்குபவரின் உயிர் கடவுளுடையது. எந்தக் கட்டட விதிக்கும் அடிப்படை இதுதான்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. மனையின் நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும், எந்தச் சாலையை ஒட்டி எவ்வளவு உயரம் கட்டலாம், எத்தனை வண்டிகளுக்கு இடம் வேண்டும் என்பதையெல்லாம் அவை வரையறுக்கின்றன. பக்கத்தில் விடும் இடைவெளி வீணான இடம் அல்ல. நமக்கும் அடுத்த வீட்டாருக்கும் காற்றும் வெளிச்சமும் வரும் வழி அது. தீப்பிடித்தால் நெருப்பு தாவாமல் தடுப்பதும் அதுவே. 2003-ஆம் ஆண்டு தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பும் இப்படித்தான். நம் வீட்டில் இறங்கும் நீர் தெரு முழுவதற்குமான நிலத்தடி நீர். பக்கச் சுவரை மூன்று அடி தள்ளிக் கட்டுபவர் அரசை ஏமாற்றவில்லை. அடுத்திருப்பவரின் காற்றை எடுத்துக்கொள்கிறார்.

விதிகளை அலட்சியம் செய்ததற்கு நம் மண் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். குறுகலான படிக்கட்டும், நெருக்கடியான வகுப்பறைகளும், எரியக்கூடிய கூரையும் அந்தப் பிள்ளைகளுக்குத் தப்ப வழியில்லாமல் செய்துவிட்டன.

அனுமதித் தாள் கையில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு மவுலிவாக்கம் சாட்சி. 2014-ஆம் ஆண்டு ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். பிழைப்புக்காக ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். அந்தக் கட்டடத்திற்குத் திட்ட அனுமதி இருந்தது. தாளில் இருந்த அனுமதி தூண்களுக்குப் பலம் தரவில்லை. அருகில் நின்ற இணைக் கட்டடம் 2016-ஆம் ஆண்டு நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்கும்போது "விதி" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நம் வழக்கம். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப்பற்றி ஆண்டவர் பேசியதை நினைவுகூர்வோம் (லூக்கா 13:4-5). அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்றார். இறந்தவர்மேல் பழி போடாமல், கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் திரும்பச் சொன்னார். அந்த அழைப்பு கொத்தனாருக்கும், ஒப்பந்தக்காரருக்கும், பொறியாளருக்கும், அதிகாரிக்கும், வீட்டுக்காரருக்கும் உரியது.

மக்களின் நியாயமான மனக்குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் என்று ஏழை எளியவர் அலையும்போது, பணம் படைத்தவர் விதியை மீறிக் கட்டிவிட்டுப் பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்வதைப் பார்க்கிறோம். ஓலைக் குடிசை உடனே அகற்றப்படுகிறது. அடுக்குமாடிக்கோ அவகாசம் கிடைக்கிறது. இந்த அநீதிக்கு எதிராகக் குரல் கொடுப்பதும் நம் கடமையே. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று, விதிமீறிய கட்டடம் பல ஆண்டுகள் நின்றுவிட்டதாலோ, அதற்குப் பெரும் பணம் செலவானதாலோ சட்டப்படியானது ஆகிவிடாது என்று தெளிவாக்கியது. தவறு செய்த அதிகாரிகளும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. இது பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒன்றாக நடைமுறையாகிறதா என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.

பிறரைச் சொல்லும் நாம் நம் திருச்சபை நிறுவனங்களையும் பார்க்க வேண்டும். வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகளில் இடம்பெற்ற நிபந்தனை. சிறுபான்மையினரைக் காக்க வைக்கவும் அலைக்கழிக்கவும் இது பயன்படுகிறது என்ற வருத்தம் நம்மிடையே உண்டு. அதை உரிய இடத்தில், சட்ட வழியில் எடுத்துச் சொல்வோம். அதற்காக வீடு என்று அனுமதி வாங்கிவிட்டுச் செபக்கூடம் நடத்துவது சரியாகாது. பொது இடங்களிலும் சாலைகளிலும் எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் அனுமதியின்றிப் புதிதாக எழக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. தெருவோரத்தில் கெபி கட்ட விரும்பும் நம் அன்பியங்களும் இதை அறிந்திருக்க வேண்டும். திருவிழாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் தளம் போடும் பங்கு மண்டபமும், ஒரு மாடிக்கு அடித்தளம் போட்டு இரண்டாம் மாடி எழுப்பும் பள்ளியும் நம் பிள்ளைகள் கூடும் இடங்கள் அல்லவா?

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டாரா என்று ஆண்டவர் கேட்டார் (லூக்கா 14:28). நாமும் உட்கார்ந்து கணக்கிடுவோம். மனை வாங்கும் முன்பே அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்ப்போம். அடுக்குமாடி வீடு வாங்குவோர் கட்டட மனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் அத்திட்டம் பதிவாகியுள்ளதா என்று சரிபார்ப்போம். சுயசான்றில் கையொப்பமிடும் முன் வரைபடத்தையும் மனையையும் அளந்து ஒப்பிடுவோம். கம்பியையும் சிமெண்டையும் மிச்சம் பிடித்து டைல்ஸுக்குச் செலவழிக்காதிருப்போம். சாரத்தில் ஏறும் தொழிலாளிக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புக் கயிறும் கொடுப்போம். அவரும் நம் வீட்டில் ஏறி இறங்குபவரே.

ஒவ்வொரு பங்கிலும் பொறியாளர்கள், வரைவாளர்கள், அனுபவமுள்ள மேஸ்திரிகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் இவர்கள் அமர்ந்து, வீடு கட்டும் ஏழைக் குடும்பங்களுக்கு வரைபடத்தையும் விண்ணப்பத்தையும் விளக்கிச் சொல்லப் பங்குப் பேரவைகள் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மனம் இருந்தால் போதும்.

ஆண்டவராம் இயேசு தச்சுத் தொழிலாளியின் வீட்டில் வளர்ந்தவர். பாறைமேல் கட்டிய வீட்டைப்பற்றி அவர் பேசியபோது கேட்டவர்கள் அதன் பொருளை உணர்ந்திருப்பார்கள். நம் அடுத்த அடிக்கல் மந்திரிக்கப்படும் நாளில், அதன் அருகே உண்மையான வரைபடமும் இருக்கட்டும். அப்போது நாம் கேட்கும் ஆசீர் அந்த வீட்டில் தங்கும்.