பறக்காத நாளுக்கும் கணக்கு உண்டு

குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சா போதும், யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க. "இம்புட்டு காத்து அடிக்குதே அண்ணாச்சி, இங்க ஒரு பாராகிளைடிங் போட்டி வச்சா என்ன?" சாரல் திருவிழாவுல கோலப்போட்டி, கொழுகொழு குழந்தை போட்டியோட இதையும் சேத்துக்கலாமாம் :-) நல்ல ஆசைதான். ஆனா அதுக்கு வேண்டியது இந்தக் காத்து இல்லைங்க.

பாராகிளைடருக்கு இஞ்சின் கிடையாது. சாதாரண வேகம் மணிக்கு 35-40 கிலோமீட்டர். எதிர்க்காத்தும் அதே வேகத்துல அடிச்சா ஆள் அந்தரத்துல நின்ன இடத்துலயே நிப்பார். கூடினா பின்னாடி போவார். ஆரியங்காவு கணவாய்ல நெருக்கிக்கிட்டு வர்ற மேல்காத்து சுரண்டை பக்கத்து காற்றாலைக்கு வரம், பறக்கிறவனுக்கு எமன். போதாக்குறைக்கு நாம இருக்கிறது மலைக்குக் கிழக்கே. மேற்கேருந்து வர்ற காத்து உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சுருண்டு புரளும். அதுல மாட்டினா துணி இறக்கை மடங்கிடும்.

போட்டிக்காரங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மூட்டையைத் தூக்கிட்டு மலை ஏறி, நாள் பூரா மேகத்தையே பாத்து உக்காந்து, கடைசியில "இன்னிக்கு இல்லை"ன்னா எரிச்சல் வரத்தானே செய்யும்? அதுக்காகத்தான் மதிப்பெண் முறையிலயே ஒரு ஏற்பாடு இருக்கு. நல்ல நாள்ல ஜெயிச்சவருக்கு 1000 புள்ளி வரைக்கும் கிடைக்கும். கொஞ்ச பேர்தான் கிளம்பினாங்க, கொஞ்ச தூரம்தான் போக முடிஞ்சுதுன்னா, அந்த நாளோட மதிப்பே குறைஞ்சிடும். மோசமான நாள்ல உயிரைப் பணயம் வச்சாலும் பெருசா லாபமில்லை.

2007 பிப்ரவரி 14. ஆஸ்திரேலியாவில் மனில்லாங்கிற ஊர். உலகப் போட்டிக்கு முந்தின பயிற்சி. ஜெர்மனி வீராங்கனை ஈவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் உறிஞ்சி 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போயிடுச்சு. எவரெஸ்டை விட ஒரு கிலோமீட்டர் கூட! மயங்கிய நிலையிலயே பறந்து, எப்படியோ பிழைச்சு இறங்கினார். அதே மேகத்துல மாட்டின சீன வீரர் பிழைக்கலை.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேக்காதீங்க. பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டி தண்ணி விழுது, குளிக்கத் தடைன்னு போலீஸ்காரர் விசில் ஊதினதும் நம்மாளுங்க போடுற சத்தம் இருக்கே! "மெட்ராஸ்லேருந்து வந்திருக்கோம் சார், ரெண்டே நிமிஷம்..." 2024 மே 17-ல் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் போய்ட்டான். மழை பெய்யறது மேலே காட்டுல. கீழே குளிக்கிறவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பறக்கிறவனுக்கும் அதே கதைதான். ஆபத்து அவன் நிக்கிற இடத்துல தெரியாது.

என்னைக் கேட்டா, "இன்னிக்கு வேண்டாம்"னு சொல்றவர்தான் அன்னிக்கு ஒழுங்கா வேலை பாத்தவர். அவரைத் திட்டாதீங்க. தடைன்னா தென்காசி காசிவிஸ்வநாதரைப் பாத்துட்டு, பிரானூர் பார்டர்ல ரெண்டு பரோட்டா சாப்பிட்டுட்டுப் போங்க. அருவி எங்கயும் போயிடாது.