முதல் அறுபது அடி

ஜட்கா வண்டியில் ஏறியவர்கள் இன்று நம் குடும்பங்களில் அருகிவிட்டார்கள். ஆனால் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். நாலு பேர் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். "சாமி, கொஞ்சம் முன்னாலே நகர்ந்து குந்துங்க, பின்பாரம் தூக்குது" என்பான். பெரிய மனிதராயினும் சரி, அவன் சொன்ன இடத்துக்கு நகர்ந்துதான் ஆகவேண்டும். குதிரைக்கு எவ்வளவு பலம் என்பது ஒரு விஷயம். பாரம் எங்கே விழுகிறது என்பது வேறு விஷயம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த வண்டிக்காரனுடைய வித்தையை அமெரிக்க தேசத்து இளைஞர்கள் மோட்டார் வண்டியை வைத்துக்கொண்டு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டிராக் பந்தயம் என்று அங்கே ஒரு விளையாட்டு இருக்கிறது. வளைவு இல்லை, திருப்பம் இல்லை. இரண்டு வண்டிகள் அருகருகே அசையாமல் நிற்கும். விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1320 அடி, ஓடவேண்டும். முதலில் போய்ச் சேர்ந்தவன் ஜெயித்தவன். 1950-ல் காலிபோர்னியாவில் ஸாண்டா ஆனா நகரத்து விமான நிலையத்தில் ஓடுபாதையின் ஒரு பகுதியில் இதை ஒழுங்காக நடத்தினார்கள். தெருக்களில் ஓடி உயிரை விடுவதைக் காட்டிலும் இது மேல் என்று கண்டு, அடுத்த ஆண்டிலேயே வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்று தேசிய சங்கம் ஒன்றை நிறுவினார்.

"பத்துப் பன்னிரண்டு விநாடியில் முடிந்துபோகும் ஓட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று வீட்டிலுள்ளோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்ப்பதற்கு அதிகமில்லைதான், யோசிப்பதற்கு நிறைய இருக்கிறது.

இந்தப் பந்தயத்தில் இறங்குகிற ஒவ்வொருவனும் முதலில் செய்கிற தவறு ஒன்றே. இருக்கிற பணத்தையெல்லாம் எஞ்சினில் கொட்டுகிறான். கடன் வாங்கியும் கொட்டுகிறான். முந்நூறு குதிரைச் சக்தி ஐந்நூறு ஆகிறது. விளக்கு எரிகிறது, காலை அழுத்துகிறான், பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகையைக் கக்குகின்றன. பக்கத்துப் பாதையில் நின்ற ஏழை வண்டி அதற்குள் அறுபது அடி போய்விட்டது. புதிய எஞ்சின், பழைய எஞ்சினைவிட மெதுவாக அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் அவன் என்ன சொல்வான் என்று நினைத்தால் நமக்கே சங்கடமாயிருக்கிறது.

பிழை எஞ்சினில் இல்லை. டயர் தரையைப் பிடிப்பது அதன் மேல் அழுந்தும் பாரத்தைப் பொறுத்தது. 3200 ராத்தல் எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால், நிற்கும்போது பின் சக்கரங்கள் மீது 1440 ராத்தல்தான் இருக்கும். ஓட்டவேண்டிய சக்கரங்களுக்குக் குறைந்த பங்கு! வண்டி பாய்ந்து கிளம்பும்போது பாரம் பின்னுக்குச் சாய்கிறது; பஸ் கிளம்பினால் நாம் பின்னால் சாய்வதைப் போல. வண்டியின் பாரமையம் தரையிலிருந்து 20 அங்குலத்திலும், முன் பின் சக்கரங்களுக்கு இடைவெளி 100 அங்குலமுமாக இருந்து, மேலிருந்து விழும் கல் வேகமெடுக்கும் அதே விரைவில் வண்டி முன்னே வேகமெடுத்தால், ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 640 ராத்தல், பின் சக்கரங்களுக்கு மாறும். 1440 என்பது 2080 ஆகிவிடும்.

இந்தக் கணக்கை விளையாட்டாகவும் வினையாகவும் எடுத்துக்கொண்டவர்கள் கிரைஸ்லர் கம்பெனியில் வேலை பார்த்த சில இளம் எஞ்சினீயர்கள். 'ராம்சார்ஜர்ஸ்' என்று சங்கம் வைத்துக்கொண்டு, 1949-ஆம் வருஷத்துப் பழைய பிளிமத் கார் ஒன்றைப் பிடித்தார்கள். பந்தய வண்டி என்றால் தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கவேண்டும் என்று ஊரெல்லாம் நம்பிய காலம். இவர்களோ அதை நெட்டுக்குத்தாக உயர்த்தினார்கள். பாரமையம் மேலே போகப் போகப் பின்னுக்குச் சாயும் பாரம் கூடும் அல்லவா? பொய்க்கால் குதிரைபோல நின்ற அந்த வண்டிக்கு 'உயரமும் வல்லமையும்' என்று பொருள்படப் பெயரும் வைத்து, 1959-ல் டெட்ராய்ட்டில் நடந்த தேசியப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எல்லோரும் காரை அப்படித் தூக்கி நிறுத்த முடியாது. சாதாரணப் பந்தயக்காரன் கைவைக்கக்கூடியது ஸஸ்பென்ஷன்தான். உடலைச் சக்கரங்கள் மேல் தாங்கி நிற்கும் ஸ்பிரிங்குகள், ஷாக் அப்ஸார்பர்கள், இணைப்புத் தண்டுகள் எல்லாம் சேர்ந்தது அது. ஒரு தப்பெண்ணத்தை இங்கே நீக்கவேண்டும். மூக்கு எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு பாரம் பின்னே போகிறது என்று பலர் நம்புகிறார்கள். மாறும் பாரத்தின் அளவைத் தீர்மானிப்பவை பாரமையத்தின் உயரமும் சக்கர இடைவெளியும் வேகமெடுப்பும்தான். ஸ்பிரிங்குகள் தீர்மானிப்பது, அந்தப் பாரம் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பக்குவமாக டயரின் மேல் வந்து உட்காருகிறது என்பதை. முதல் அரை விநாடியில் அதுதான் சகலமும்.

ஆகவே முன்புறத்தில் இளகிய ஸ்பிரிங்கு. தடையில்லாமல் நீண்டு, மெல்லச் சுருங்கும் ஷாக் அப்ஸார்பர். பின்புறம்தான் ரஸமான இடம். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அச்சின் கூடு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. பட்டை ஸ்பிரிங்குகள் இந்த முறுக்கில் நெளிந்து, நிமிர்ந்து, சக்கரத்தைத் தத்தித் தத்திக் குதிக்கவைக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே உறுதியான இரும்புத் தண்டு ஒன்றைப் பொருத்தினால் நெளிவு நிற்கும். இன்னும் நுட்பமான வண்டிகளில் அச்சை நாலு தண்டுகள் பிடித்திருக்கும். பக்கவாட்டில் பார்த்து மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் முன்னோக்கிக் கற்பனையாக நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். அந்த முறுக்கு, அந்த இடத்திலிருந்து உடலை மேலே தூக்குகிறது. உடலைத் தூக்கும் விசை டயரைத் தரையில் அழுத்துகிறது. சந்திப்பு அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் அடி பலமாகவும் சுருக்காகவும் விழும். தள்ளியிருந்தால் மெதுவாகவும் நீடித்தும் விழும். பலமான அடி நல்லது என்று நினைக்கவேண்டாம். அடித்த பந்து எழும்புவதுபோல் டயரும் எழும்பிப் பிடியை விட்டுவிடும். அப்போது பின் ஷாக் அப்ஸார்பரை இறுக்கி அடியைத் தணிக்கவேண்டும்.

போதாக்குறைக்கு எஞ்சினின் சுழற்சி வலப்பக்கத்துப் பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும். அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை ஒன்றை வைத்துச் சரிக்கட்டுவார்கள். இதைச் சில்லறை விஷயம் என்று விட்டால் வண்டி கோணி இழுக்கும். பாதையின் இரு ஓரத்திலும் சுவர் இருக்கிறது. முன் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. அதனால்தான் பின்னால் சிறு சக்கரம் வைத்த தண்டுகளை நீட்டி, மூக்கு அளவு மீறித் தூக்காமல் தடுக்கிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது என்று மூக்கைத் தூக்கிக் காட்டுகிறவனை நல்ல பந்தயக்காரன் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆகாயத்தை நோக்கிச் செலவான சக்தி, முன்னே போக உதவாத சக்தி.

பாரத்தைத் தேடும் ஆசை எல்லை கடந்ததும் உண்டு. 1965-ல் டாட்ஜ், பிளிமத் கார்கள் சிலவற்றில் பின் சக்கரங்களை 15 அங்குலமும் முன் சக்கரங்களை 10 அங்குலமும் முன்னே தள்ளிவைத்தார்கள். காரின் முக்கால் பங்கு உடம்பு பின்னால் துருத்திக்கொண்டு நின்றது போன்ற தோற்றம். தேசிய சங்கம் அவற்றை அவை கோரிய பிரிவில் சேர்க்க மறுத்தது. ஜனங்களோ 'வேடிக்கைக் கார்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் அதுவே ஒரு தனி வகுப்புக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

இவ்வளவையும் சீர்செய்கிறவனுக்கு வேண்டிய கருவி ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு கையில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதில் அறுபது அடியைக் கடந்த நேரமும் இருக்கும். அங்கே பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சமானால் கடைசியில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை மிச்சமாகும் என்பது அவர்கள் கைக்கணக்கு. டயரின் காற்றையோ, ஷாக் அப்ஸார்பரின் திருகையோ, தண்டின் துளையையோ, ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றியதை எழுதவேண்டும், மறுபடி ஓடவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றியவன், எது பலித்தது என்று தெரியாமல், மறு வாரமும் அதே திருகாணியை வைத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்திருப்பான்.