பிடித்த மீனை விட்டுவிடுவது எங்கும் அறமாகுமா?

தூண்டில் மீன்பிடிப்பைப் பொழுதுபோக்காகக் கற்க முனையும் இந்திய மாணவருக்கு இன்று வாய்க்கும் முதல் ஆசான் பெரும்பாலும் யூடியூபில் தோன்றும் ஓர் அமெரிக்கர். அவர் அறிமுகப்படுத்தும் மீன் வட அமெரிக்காவின் லார்ஜ்மௌத் பாஸ். கழியின் நீளம், நூலின் வலிமை, ரப்பர்த் தவளையை நீர்த்தாவரங்களின் மேல் இழுத்துவரும் முறை ஆகியவற்றை அவர் செம்மையாகவே கற்பிக்கிறார். அந்த நுட்பம் இந்திய நீர்நிலைகளிலும் பலிக்கிறது. ஏனெனில் இங்கே விரால் இருக்கிறது. வங்காளத்தில் சோல், தெலுங்கில் கொர்ரமீனு எனப்படும் இம்மீனும் பாஸைப் போலவே தாவரங்களிடையே பதுங்கியிருந்து இரையின்மீது பாய்வது.

நுட்பத்தோடு சேர்ந்து ஓர் அறமும் இறக்குமதியாகிறது: பிடி, படமெடு, உயிரோடு விட்டுவிடு. இந்த விதியைக் கடைப்பிடிப்பவர் பண்பாளர் என்றும், மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் பண்பற்றவர் என்றும் தூண்டில்காரர் குழுக்களில் ஒரு படிநிலை உருவாகிவருகிறது. ஆய்வுலகம் கேள்விக்கு உட்படுத்த வேண்டியது இந்தப் படிநிலையையே.

ஜப்பானின் பிவா ஏரியை எடுத்துக்கொள்ளலாம். 1925இல் அமெரிக்காவிலிருந்து ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட பாஸ், பின்னர் நாடெங்கும் பரவிப் பிவாவையும் அடைந்தது. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ்தான் நெடுங்காலம் உலகச் சாதனையாக இருந்தது. அதற்கு நிகராக, பத்துக் கிலோவைச் சற்றே தாண்டிய ஒரு மீனை 2009இல் மனாபு குரிட்டா பிடித்தது இந்தப் பிவா ஏரியில்தான். தூண்டில்காரருக்கு அது பொன்னேடு. ஆனால் ஏரியின் தொல்குடி மீன்களுக்குப் பாஸின் பெருக்கம் பேரிழப்பு. ஆகவே ஏரி அமைந்துள்ள ஷிகா மாகாணம், பிடிபட்ட பாஸை மீண்டும் நீரில் விடக் கூடாது என்று 2003இலேயே விதித்துவிட்டது. ஜார்ஜியாவில் பாராட்டப்படும் செயல் பிவாவில் விதிமீறல். மீன் ஒன்றே, நீர் வேறு.

இதன் மறுபக்கமும் உண்டு. விராலின் நெருங்கிய உறவான வடபுலத்துப் பாம்புத்தலை மீன், கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்டது. 2002இல் அது மேரிலாந்தின் ஒரு குளத்தில் தென்பட்டபோது அமெரிக்க ஊடகங்கள் அதை அரக்கனாகவே சித்திரித்தன. இங்கே விருந்துக்குரிய குடும்பம், அங்கே கொல்லப்பட வேண்டிய குடும்பம்.

இந்தியத் தொடக்கநிலையாளரின் தூண்டிலில் ஜிலேபி எனப்படும் திலேப்பியாவோ ஆப்பிரிக்கக் கெளுத்தியோ சிக்கினால் என்ன செய்வது? முன்னது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னதை வளர்ப்பதற்கே இங்கே தடை உள்ளது. இவற்றை முத்தமிட்டு நீரில் விடுவதைக் கருணை என்பது உயிரியலை அறியாத கருணை. உண்பதற்கு எடுத்துச் செல்பவரே அந்த நீர்நிலைக்கு நன்மை செய்கிறார்.

விராலின் நிலைமை இதைவிட நுட்பமானது. அது காற்றைச் சுவாசிக்கும் மீன். அவ்வப்போது மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். அதன் குஞ்சுகளும் செந்நிறத் திரளாக மேற்பரப்பில் மொய்க்கும். கீழே பெற்றோர் காவல் நிற்கும். அந்தத் திரளின் நடுவே ரப்பர்த் தவளையை எறிந்தால் தாக்குதல் ஏறத்தாழ உறுதி. பசியினால் வரும் தாக்குதல் அன்று அது. குஞ்சுகளைக் காக்கும் தாக்குதல். இதை எளிய வெற்றிக்கான குறுக்குவழியாகக் கற்பிக்கும் காணொளிகளுக்குக் குறைவில்லை. பிடித்த விராலை உடனே விட்டுவிடுவதாகச் சொல்லி இதை நியாயப்படுத்துவோரும் உண்டு. ஆனால் படமெடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்கள் விழுங்கிவிடலாம். கூட்டைக் காக்கும் ஆண் பாஸை அகற்றும்போது இவ்வாறே நிகழ்வதை வட அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. விந்தை என்னவெனில், பாஸ் காணொளிகள் வழியே தூண்டிலைக் கற்றவர்களிடம் பாஸ் பற்றிய இந்த அறிவு மட்டும் வந்துசேரவில்லை.

சட்டம் இங்கே ஓரளவே துணைநிற்கிறது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுத்தது. குஞ்சுத் திரள்மீது எறியப்படும் தூண்டில் அதன் கற்பனைக்கு அப்பாற்பட்டது. மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் ஜூன் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை மீன்பிடிக்கத் தடை உண்டு. பருவமழையில் முட்டையிடும் மீன்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் விரால் அந்த இரு மாதங்களுக்குள் மட்டும் இனப்பெருக்கத்தை முடித்துக்கொள்வதில்லை.

மேலும் பெரும்பாலான ஏரிகளும் குளங்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ தனியாருக்கோ குத்தகைக்கு விடப்பட்டவை. பிடித்ததை விட்டுவிடுபவருக்கு அனுமதி தேவையில்லை என்ற எண்ணம் நகர இளைஞரிடம் பரவலாகக் காணப்படுகிறது. குத்தகைதாரரின் பார்வையில், முள் குத்திக் காயம்பட்டுப் பின்னர் இறக்கும் மீனும் இழப்புத்தான்.

மீன்வளக் கல்லூரிகளும் விலங்கியல் துறைகளும் தொடக்கநிலையாளருக்கான கையேடுகளை அந்தந்த மாநில மொழியில், அந்தந்த நீர்நிலைக்கென எழுத வேண்டும். எந்த மீனை விடுவது, எதை விடக் கூடாது, எந்த மாதத்தில் எங்கே தூண்டிலை எடுக்கவே கூடாது, யாரிடம் அனுமதி பெறுவது என்பவை அதில் முதலில் வரட்டும். கழியையும் நூலையும் பற்றிய பாடங்கள் யூடியூபில் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன.