கழிவு அணைகளின் அறிக்கைகளை ஊரறிய வெளியிடுங்கள்
அஜின்கோர்ட் அயலவர்களுக்கு ஒரு வேண்டுகோள்



மாரி தொடங்கினால் குளக்கட்டைச் சுற்றிப் பார்ப்பது எங்களில் பலருடைய ஊர்களில் வழக்கம். எங்களோடு இருக்கும் வன்னிக் கமக்காரர் ஒருவர் அதை இன்றும் சொல்லுவார். கட்டின் வெளிப்பக்க அடியில் குந்தியிருந்து, கசியும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்ப்பார்களாம். தெளிவாக இருந்தால் அன்றிரவு நித்திரை கொள்ளலாம். கலங்கலாக இருந்தால் கட்டுக்குள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். உடனே குளத்து நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைக்குச் சொல்லி, ஊரைக் கூட்டி, மண்மூட்டை அடுக்க வேண்டும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை இலங்கையின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மண் அணை உடைந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நாங்கள் இப்போது எழுதுவதும் மண் அணைகளைப் பற்றித்தான். ஆனால் இவை தேக்குவது நீரை மட்டுமல்ல. பாறையை மாவாக அரைத்து, செம்பும் பொன்னும் நிக்கலும் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் சேற்றை இவை தேக்குகின்றன. ‘டெய்லிங்ஸ்’ அணை என்பார்கள். சேறு கூடக் கூட அணையையும் உயர்த்திக்கொண்டே போவார்கள். சுரங்கத்தை மூடிய பிறகும் சேறு அங்கேயே கிடக்கும். அணையைக் கட்டுவதும் உயர்த்துவதும், அதைப் பரிசோதிக்கும் பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் பெரும்பாலும் சுரங்க நிறுவனமே. உடைந்தால் சேறு பாய்வது எல்லோருக்கும் பொதுவான ஆற்றில்.

2014 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுண்ட் பொலி செம்பு, பொன் சுரங்கத்தின் அணை உடைந்தது. ஏறத்தாழ இரண்டரைக் கோடி கன மீற்றர் நீரும் சேறும் ஹேசல்டைன் ஓடையைப் பிய்த்துக்கொண்டு, சொக்காய் சால்மன் மீன் வளரும் கெனெல் ஏரிக்குள் இறங்கின. மனித உயிர் எதுவும் போகவில்லை. மூன்று வல்லுநர்கள் கொண்ட சுயாதீனக் குழு 2015 ஜனவரியில் காரணத்தைச் சொன்னது. பழைய பனியாற்று ஏரி ஒன்று விட்டுச்சென்ற பலவீனமான களிமண் படை அணையின் அடியில் இருந்தது. வடிவமைத்தவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. போதாததற்கு, அணையின் வெளிச்சரிவு திட்டமிட்டதைவிடச் செங்குத்தாக இருந்தது. அந்த மாகாணம் இப்படியே தொடர்ந்தால் பத்து ஆண்டுக்கு இரண்டு அணைகள் உடையக்கூடும் என்றும் குழு கணித்தது. அரசின் கண்காணிப்பு போதாது என்று மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் 2016 மே மாதம் அறிக்கையிட்டார். மீன்வளச் சட்டத்தின்கீழ் 15 குற்றச்சாட்டுகள் பதிவானது 2024 டிசம்பரில், பத்து ஆண்டு கழித்து.

இது எங்கோ மேற்கில் நடந்தது என்று விட்டுவிட முடியாது. 1990 அக்டோபரில் எங்கள் ஒன்ராறியோவிலேயே, மட்டச்சுவான் என்ற இடத்தில், கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றின் அணை உடைந்து ஏறத்தாழ 190,000 கன மீற்றர் கழிவுச் சேறு மொன்றியல் ஆற்றில் கலந்தது.

பிரேசிலின் புருமாஜின்யோவில் 2019 ஜனவரி 25 நண்பகல் உடைந்த அணை 270 பேரைக் கொன்றது. சுரங்கத் தொழிலாளரின் உணவுக்கூடம் அணைக்குக் கீழேதான் இருந்தது. அந்த அணை உறுதியானது என்று முந்தைய ஆண்டுதான் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அணையின் சொந்தக்காரரான வாலே நிறுவனம்தான் 2006இல் இன்கோ என்ற நிறுவனத்தை வாங்கி, எங்கள் மாகாணத்தின் சட்பரியில் நிக்கல் எடுத்துவருகிறது.

இத்தனைக்கும் பிறகு ஒன்ராறியோவில் கண்காணிப்பு இறுகவில்லை, தளர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, சுரங்கத்தை மூடும் திட்டத்துக்குத் தகுதிபெற்ற வல்லுநரின் சான்று இருந்தால் போதும். மூடும் செலவுக்கான பிணைத்தொகையையும் கட்டம் கட்டமாகச் செலுத்தலாம். 2025 ஜூனில் நிறைவேறிய ஐந்தாம் இலக்கச் சட்டமூலம், சிறப்புப் பொருளாதார வலயங்களில் மாகாணச் சட்டங்களிலிருந்தே விலக்களிக்கும் அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுத்திருக்கிறது. நிறுவனங்கள் அடுத்துத் தோண்டப் பார்ப்பது வடக்கே கனிமவளம் மிக்க ‘ரிங் ஒஃப் ஃபயர்’ பகுதியை. அந்த ஆறுகளில் மீன்பிடித்து வாழும் முதற்குடி மக்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்துவருகிறார்கள். வீட்டுக்கு மேலே என்ன கட்டுகிறார்கள் என்று கேட்க உரிமையில்லாமல் போவதன் வலி தெரிந்த நாங்கள் பேசாமல் இருக்கலாமா?

சுரங்கமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மின்சார பஸ்ஸுக்கும் கைப்பேசிக்கும் செம்பும் நிக்கலும் வேண்டும். உலகில் பங்குச் சந்தைகளில் உள்ள சுரங்க நிறுவனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ரொறன்ரோவின் சந்தைகளில்தான் பட்டியலாகியுள்ளன. எங்கள் சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பணமும் பங்குச் சந்தைகளில் போடப்படுகிறது. இலாபம் வரும் ஊர் இது. கேள்வியும் இங்கிருந்தே போக வேண்டும். கேட்டால் பலன் உண்டு. 2019இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதியச் சபையும் சுவீடன் ஓய்வூதிய நிதியங்களின் அறநெறிக் குழுவும் கேட்ட பிறகுதான், உலகின் 1,700க்கும் மேற்பட்ட அணைகளின் விபரங்கள் பொதுவெளிக்கு வந்தன.

எங்கள் கோரிக்கைகள் நான்கு:

1. ஒவ்வொரு கழிவு அணையின் ஆண்டுப் பரிசோதனை அறிக்கையும், உடைந்தால் சேறு எதுவரை பாயும் என்ற வரைபடமும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.
2. நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத அரச பரிசோதகர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.
3. மூடும் செலவு முழுவதையும் முதலிலேயே பிணையாக வைக்க வேண்டும்.
4. அணைக்குக் கீழே வாழும் முதற்குடி மக்களின் சம்மதமின்றி அணை எதையும் கட்டவோ உயர்த்தவோ கூடாது.

உங்கள் தொகுதி ஸ்காபரோ-அஜின்கோர்ட்டாக இருந்தாலும் ஸ்காபரோ வடக்காக இருந்தாலும், உங்கள் மாகாணசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறோம். ஒன்ராறியோ சுற்றுச்சூழல் பதிவேட்டில் சுரங்கம் பற்றிய அறிவித்தல் வரும்போது கருத்துச் சொல்லுங்கள். உங்கள் ஓய்வூதிய நிதியத்திடம், எந்தெந்த அணைகளில் எங்கள் பணம் இருக்கிறது என்று கேளுங்கள்.

கையொப்பத் தாளோடு உங்கள் கதவுக்கும் வருவோம். சட்டமன்றத்துக்குப் போகும் அந்த மனுவில் ஒப்பமிட இம்மாகாணத்தில் வசித்தால் போதும், குடியுரிமை தேவையில்லை. அன்று கட்டடியில் கலங்கலைக் கண்டவர் ஊரை எழுப்பாமல் படுக்கப் போனதில்லை. நீங்களும் எழுந்து வந்து ஒரு கையொப்பம் இடுங்கள்.

இப்படிக்கு,
அஜின்கோர்ட் வாழ் தமிழ்க் குடியிருப்பாளர்கள்