சீட்டுக்காக ஃபிரேமை வெட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர், அப்பா விட்டுப்போன புல்லட்டைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார். இன்ஜின் வேலை முடிந்துவிட்டதாம். "டீச்சர், இந்த மாதிரி சீட் வைக்கப் போறேன், நல்லா இருக்கா?" என்று ஒரு படம் அனுப்பினார். கஃபே ரேசர் என்கிறார்களே, அந்த வகை. ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி சீட், பின்னால் ஒரு திமில், அதற்கப்புறம் மொட்டை. அந்த சீட் பொருந்த, பின்பக்க ஃபிரேமை அறுத்து எடுத்துவிட்டு, வளைத்த குழாய் ஒன்றை வெல்டிங் வைக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்களாம். அவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது ஊருக்கு நாலு பேர் இதே வேலையில் இருக்கிறீர்கள் என்று தெரிவதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டை ஃபிரேமுக்கு ஏற்றபடி செய்யுங்கள். சீட்டுக்காக ஃபிரேமை வெட்டாதீர்கள்.

"டீச்சருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிரிப்பீர்கள். நான் புல்லட் ஓட்டியதில்லை, உண்மைதான். ஆனால் 26 வருடம் அதன் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் விடைத்தாள் கட்டோடு பள்ளிக்கூடம் போய் வந்தவள். நீங்கள் வெட்டப் போகிற இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பட்டறை சங்கதிகளை, லேத்திலும் வெல்டிங்கிலும் காலம் கழித்த என் தம்பியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில் அந்தப் பகுதி என்ன செய்கிறது என்று பார்ப்போம். சீட்டைக் கழற்றினால் இரண்டு குழாய்கள் பின்னோக்கிப் போவது தெரியும். பெரும்பாலான பழைய வண்டிகளில் இரண்டு ஷாக் அப்சர்பர்களின் மேல்முனையும் அந்தப் பின்பகுதியில்தான் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். பின்சக்கரம் வாங்குகிற ஒவ்வொரு அடியும் அந்த இடத்தின் வழியாகத்தான் வண்டிக்குள் ஏறுகிறது. அதற்கும் பின்னால் நீளும் பகுதி மட்கார்டையும் டெயில் லைட்டையும் கைப்பிடியையும், பின்னால் உட்காருபவரின் பாரத்தையும் தாங்குகிறது. வண்டிக்கு வண்டி அமைப்பு கொஞ்சம் மாறலாம். வேலை இதுதான்.

இப்போது நான் நடத்திய நெம்புகோல் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர், ஷாக் அப்சர்பர் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. பின்னால் உட்கார்ந்தால் அந்த இடத்தில் விழும் வளைக்கும் விசை 60 × 10 = 600. அவரே 20 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 1200. எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இது இன்னும் பல மடங்காகும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் அதிகம் வளையப் பார்ப்பது அதன் நுனியில் அல்ல, தாங்கியிருக்கும் இடத்தில். பட்டறையில் வெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் அதே இடத்துக்குப் பக்கத்தில்தான். அதிக பாரம் விழும் இடத்தில் கொண்டுபோய் ஒட்டு வைக்கிறோம்.

ஒட்டு நன்றாக இருந்தால் பரவாயில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபிரேம் குழாய் மெல்லியது. சூடு அதிகமானால் ஓட்டை விழும். சூடு போதாவிட்டால் மேலே பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. பிறகு கிரைண்டரில் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்துவிட்டால் நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தம்பி சொன்ன இன்னொன்று: உடைவது பல சமயம் வெல்டிங்கில் அல்ல, அதை ஒட்டிச் சூடுபட்ட ஓரத்தில். மயிரிழை போல ஆரம்பிக்கும் விரிசல் பெயிண்டுக்கு அடியில் மாதக்கணக்கில் வளரும்.

சீட்டைத் தாழ்வாக வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் நிறைய இடைவெளி தெரியும். பெரிய வேகத்தடையில் ஷாக் அப்சர்பர் முழுக்க அமுங்கும்போது சக்கரம் மேலே வந்து சீட்டின் அடித்தகட்டைத் தொட்டுவிடும். ஓடும்போது சக்கரம் உரசினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்த ஒற்றை சீட் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1950, 60களில் இளைஞர்கள் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற கடைகளில் கூடி, அங்கிருந்து வேகமாக வண்டி ஓட்டினார்கள். தங்கள் வண்டியைப் பந்தய வண்டி போல மாற்றிக்கொண்டார்கள். பந்தயத்தில் ஒருவர்தான் ஓட்டுவார், அதனால் ஒரு சீட். அங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் ஊரில் வண்டி என்பது மனைவி, அம்மா, காய்ச்சல் வந்த குழந்தை, சந்தையில் வாங்கிய மூட்டை எல்லாம் சேர்ந்தது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 2013ல் கான்டினென்டல் ஜிடி என்று ஒரு கஃபே ரேசர் கொண்டுவந்தது. அப்போது அவர்கள் பழைய புல்லட் ஃபிரேமை அறுத்து ஒட்டவில்லை. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிதாக ஒரு ஃபிரேமையே உருவாக்கினார்கள். வண்டி செய்கிறவர்களே அப்படி யோசித்திருக்கும்போது, நாம் ஒரு மத்தியான வேலையாக முடித்துவிட நினைக்கிறோம்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்திருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்கு நிலையான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. சேலை கார்டு என்று நீங்கள் கேலி செய்வது இதைத்தான். சேலை கட்டிப் பின்னால் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 15 வருடம் தாண்டிய வண்டியை 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வெட்டிய வண்டியை அங்கே எப்படி நிறுத்துவீர்கள்?

"என் வண்டி, என் இஷ்டம்" என்று சிலர் சொல்வீர்கள். உங்கள் ரசனையை நான் குறை சொல்லவில்லை. கையால் ஒரு பொருளைச் செய்து பார்க்கும் பிள்ளைகளை எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஆனால் மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. போல்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுவது ஒன்று. திரும்பவே முடியாதது இன்னொன்று. மைசூரில் செய்த எஸ்டி 1996லேயே நின்றுபோனது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பும் அதே வருடம் முடிந்தது. அந்த ஃபிரேம்களை இனி யாரும் புதிதாகச் செய்து தரப் போவதில்லை. இருப்பதுதான் இருக்கிறது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பழைய புல்லட்டில் ஸ்பிரிங் வைத்த தனி சீட்டும், பின்னால் தனித் திண்டும் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதைவிட அழகான சீட் எது? தனியாகப் போகும்போது பின் திண்டைக் கழற்றி வைக்கலாம், ஆள் வரும்போது மாட்டலாம். புது வடிவம்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளில் உட்காரும்படி தகட்டிலோ ஃபைபரிலோ அடித்தகடு செய்யச் சொல்லுங்கள். முதலில் அட்டையில் அச்சு வெட்டிப் பாருங்கள், அட்டைக்குச் செலவில்லை. அதன் மேல் பஞ்சு வைத்துத் தைக்க சீட் கடைக்காரருக்குத் தெரியும். முடிவு செய்வதற்கு முன், ஷாக் அப்சர்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, அவை முழுக்க அமுங்கினால் சக்கரம் எந்த உயரத்துக்கு வருமோ அது வரை தூக்கி நிறுத்தி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வண்டியில் எந்த வெல்டிங் வேலை செய்தாலும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

அந்த மாணவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "புது சீட்டில் அம்மா எங்கே உட்காருவார்?" இன்னும் பதில் வரவில்லை. அப்பா ஓட்டிய காலமெல்லாம் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர் அவர். அவர் இடத்தை எடுத்துவிட்டு அப்பாவின் ஞாபகமாக வண்டியை வைத்திருக்கிறேன் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சீட் மாற்றியவர்கள், மாற்ற நினைப்பவர்கள், பட்டறை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் கீழே எழுதுங்கள். வெட்டாமல் அழகாக சீட் செய்தவர்கள் படம் போடுங்கள், மற்றவர்களுக்கு உதவும். ஏற்கெனவே வெட்டி ஒட்டியவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே சீட்டைக் கழற்றி ஒட்டின் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் தெரிந்தால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்