கல்லீரலுக்கு அனுப்புவதா, காப்பாற்றுவதா?

போன மாதம் இதே பலகையில் நானோ மருந்து பற்றி ஓர் அண்ணன் எழுதியிருந்தார். "இனி மருந்து நேராகக் கல்லீரலுக்கே போகும்" என்று முடித்திருந்தார். எனக்கு அதில் ஒரு கேள்வி இருக்கு.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. 100 நானோமீட்டர் துகள்களை வரிசையாக அடுக்கினால் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள்ளேயே சுமார் 800 நிற்கும். இதை ரத்தத்தில் விட்டால் பெரும்பாலும் கல்லீரல்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். அங்கிருக்கும் குப்ஃபர் செல்களின் வேலையே அதுதான். அதனால் கல்லீரலுக்கு அனுப்புவது மற்ற உறுப்புகளைவிட சுலபம். கொழுப்புத் துகளில் வைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும் பட்டிசிரான் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கு. அப்போது சொன்ன விலை ஆண்டுக்கு 4.5 லட்சம் டாலர்! நல்ல மருந்துதான், குறை சொல்லல.

ஆனா எங்க தெருவுல கல்லீரல் கெடுற கதையே வேற. எங்க மாமா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர். டி.பி. வந்து தினமும் மாத்திரை சாப்பிட்டார். ரெண்டாவது மாசம் கண்ணு மஞ்சளாச்சு, சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போச்சு. இப்படி ஆகலாம்னு மாத்திரை கொடுத்த இடத்தில் யாரும் சொல்லல. அவராவே நிறுத்திட்டார். ஆயா கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாங்க. மஞ்சள் குறைஞ்சுது, இருமல் திரும்பி வந்துடுச்சு.

ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உங்க வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்க. ரத்தம் பார்த்து, தேவைப்பட்டால் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பாங்க. மாமாவுக்கும் கடைசியில் அப்படித்தான் செய்தாங்க.

அதனால் நமக்கு வேண்டியது நுரையீரலுக்குப் போய்க் கல்லீரலை விட்டுவைக்கும் துகள். இது கஷ்டம், கல்லீரல்தான் வழியிலேயே பிடிக்குமே! ஆனாலும் சண்டிகரில் முயற்சி செய்திருக்காங்க. துகளில் அடைத்த டி.பி. மருந்தை 10 நாளுக்கு ஒருமுறை, 5 முறை மட்டும் எலிகளுக்குக் கொடுத்ததில் கிருமி தென்படவில்லை என்று 2003-இல் எழுதினாங்க. 20 வருஷம் தாண்டியும் அது மாமாவின் மாத்திரை அட்டைக்கு வரல.

1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய டி.பி. ஆராய்ச்சி மையம்தான், வீட்டில் இருந்தே இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. அந்தச் சோதனையில் மருந்து சாப்பிட்டவங்க மெட்ராஸ் ஏழைகள். அப்போ புது வகைத் துகள் முதலில் யாருக்கு வரணும்? வரிசையில் டி.பி. மாத்திரை முன்னால் நிக்கணும் என்பது என் கட்சி. அண்ணன் பதில் எழுதட்டும்.

மாமா இப்போ காலையில் மாத்திரை போட்டதும், கண்ணாடியில் கண்ணைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குக் கிளம்புறார்.

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு